கை காட்டினால் நிற்கும் ரயில்

ரயிலைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சன்னலோர இருக்கை, தடதடக்கும் சத்தம், வழியில் கையசைக்கும் குழந்தைகள் என்று எழுதுவார்கள். அந்தக் குழந்தை எதற்குக் கையசைக்கிறது என்று ஒருவரும் இறங்கிக் கேட்டதில்லை. நான் அப்படிக் கையசைத்த குழந்தை. வேடிக்கைக்கு அசைக்கவில்லை. வண்டியை நிறுத்தத்தான் அசைத்தேன். நிறுத்தியும் காட்டினேன்.

எங்கள் ஊர் நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேடு தெரிகிற தூரத்தில், கடலூர் போகும் தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு ஒரு ஹால்ட் உண்டு. ஹால்ட் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, போர்ட்டர் கிடையாது. ஒரு பிளாட்பாரம், ஒரு பெயர்ப் பலகை, டிக்கெட் கொடுக்க ஒரு தகரக்கூரை அறை, அவ்வளவுதான். பழைய மீட்டர் கேஜ் காலத்தில் காலையிலும் மாலையிலும் பாசஞ்சர் நின்றதாம். பிறகு தண்டவாளத்தை அகலப்படுத்துகிறோம் என்று வண்டியையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊர் ஆட்கள்தான் அந்த வேலைக்கு ஜல்லி சுமந்தார்கள். பிளாட்பாரத்துக்கு சிமென்ட் பூசினார்கள். பெயர்ப் பலகைக்குப் புதிதாக மஞ்சள் அடித்தார்கள். எல்லாம் முடிந்து புது வண்டி வந்தது. ஊரே போய் நின்றது. வண்டி நிற்காமல் போனது.

ஏன் என்று ஊர்ப் பெரியவர்கள் போய்க் கேட்டதற்கு, அந்த ஹால்டில் டிக்கெட் விற்பனையே இல்லையே என்று ஓர் அதிகாரி சொல்லி அனுப்பினாராம். நிற்காத வண்டிக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? இதைச் சொன்ன மனிதரும் சாப்பாட்டைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருந்தார் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அந்த வருடம் அக்கா பன்னிரண்டாவது முடித்தாள். எங்கள் தெருவில் அதை முடித்த முதல் பெண் அவள். கடலூரில் அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் போவது எப்படி? மெயின்ரோடு வரை முந்திரிக்காட்டு வழியே நடக்க வேண்டும். அங்கிருந்து வடலூருக்கு ஒரு பஸ். வடலூரில் கூட்டத்தோடு முட்டிமோதி இன்னொரு பஸ். திரும்பி வரும்போது முந்திரிக்காடு இருட்டிவிடும். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"ரயிலு நின்னா படிக்கட்டும். நிக்கலன்னா உங்கம்மா கூட குவார்ட்டர்ஸ் வேலைக்குப் போவட்டும். இருட்டுல பொண்ண உட்டுட்டு நான் ஷிப்ட்டுல நின்னுகினு இருக்க முடியாது."

அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மைன்ஸுக்கு நிலம் கொடுத்த வீட்டுக்காரர்கள் பர்மனென்ட் வேலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் கொடுப்பதற்கு நிலமே இருந்ததில்லை. ஆகையால் அப்பா கேட்பதும் இல்லை. மைன்ஸுக்குள் விடுகிற கேட் பாஸை எவனாவது பிடுங்கிவிடுவானோ என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வேலைக்கு அக்காவும் போவதா என்பதுதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த கேள்வி. அக்கா எதிர்த்துப் பேசவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு அப்போதே கோபம் அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் சித்தியின் போன் வந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. நர்ஸ் படித்து, எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் வேல்ஸ் என்கிற நாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அது இங்கிலாந்தா என்று கேட்டால், பக்கத்தில், ஆனால் அப்படிச் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும் என்பாள். அவள் இருந்த கிராமத்தின் பெயரைச் சொல்ல அவளுக்கே வாய் வராது. மனிதர்களைவிடச் செம்மறியாடு அதிகம் என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். நாங்கள் எல்லாரும் ஒரு போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு கேட்போம். அன்றைக்கு அந்த ஊர் ரயில்வே ஸ்டேஷனைப் பற்றிச் சொன்னாள்.

"நம்ம ஹால்ட் மாதிரிதான்க்கா. ஒரே ஒரு பிளாட்பாரம். ஒரு ஆளு கெடையாது. மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டாயி, ஒரு பெஞ்சு. டிக்கெட்டு வண்டிக்குள்ளாற கார்டுதான் தருவாரு. வண்டிக்கே ரெண்டு பெட்டிதான். மொத நாளு கொட்டுற மழையில நான் கையக் கட்டிகினு நிக்கிறன். வண்டி வருது. டிரைவரு என்னப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறன். அவரு பாட்டுக்குப் போயிட்டாரு."

"நிக்கவே இல்லியா?" என்றாள் அம்மா.

"நிக்கலியே. அடுத்த வண்டிக்கு ரெண்டு மணி நேரம். நான் அங்கயே ஒக்காந்து அழுவுறன். நாய இழுத்துகினு ஒரு கெழவரு வந்தாரு. ஏம்மா, கைய நீட்டுனாத்தானே நிறுத்துவாங்கன்றாரு. டவுன் பஸ்ஸுக்கு நீட்டுற மாதிரி நல்லா நீட்டணுமாம். டிரைவரு தூரத்துலயே பாத்துட்டு நிறுத்துவாராம். யாரும் நீட்டலன்னா, ஏற ஆளில்லன்னு போயிகினே இருப்பாராம். எறங்குறதுன்னா கார்டு கிட்ட முன்னாடியே சொல்லிடணுமாம். போர்டுலயே எழுதி வச்சிருக்கான், நான்தான் பாக்கல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊர் வண்டி நிற்காத காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. ஊரே திரண்டு போய் நின்றது சரி. எவனாவது கையை நீட்டினானா? எல்லாரும் சித்தியைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். டிரைவர் பார்த்திருப்பார், ஏற ஆளில்லை என்று போயிருப்பார். இவ்வளவு பெரிய ஆட்கள், இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல் அதிகாரியிடம் போய் நின்றிருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை பாசஞ்சருக்கு முன்னால் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். தண்ணீர்க் குழாயடியிலிருந்து எதிர்வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டாள். எங்கள் ஊரில் வாய் நீளம் என்றால் அவள்தான்.

"அங்க என்னாடி பண்ற?"

"ரயில நிறுத்தறன்."

"நிறுத்துடி ராசாத்தி. கொஞ்சம் பொறுத்து நிறுத்து, நான் பல்லு வெளக்கிகினு வந்துடறன்."

வண்டி வந்தது. கையை நீட்டினேன். போனது. மறுநாளும் போனது. அதற்கடுத்த நாளும் போனது. நடுவில் வந்த கூட்ஸ் வண்டிக்கும் பழக்கத்துக்காக நீட்டிப் பார்த்தேன். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு எனக்குப் பதிலுக்குக் கை காட்டினார். சித்தி சொன்ன விதி வேலை செய்கிறது, என் கைதான் போதவில்லை என்று முடிவு செய்தேன். என் கை குச்சி மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?

அப்பாவின் ஜாக்கெட் ஞாபகத்துக்கு வந்தது. மைன்ஸில் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு நிற ஜாக்கெட். வெளிச்சம் பட்டால் பளபளக்கும் பட்டை குறுக்கே ஓடும். பெரிய பெரிய மெஷின்களை ஓட்டுகிறவர்களுக்கே கீழே ஆள் நிற்பது தெரிய வேண்டும் என்றுதானே அதைக் கொடுக்கிறார்கள். இன்ஜின் டிரைவருக்குத் தெரியாதா? அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்ததும் கொடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடினேன். அது எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கரித்தூளும் வியர்வையும் கலந்து நாறியது.

அன்றைக்கு டிரைவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னையே பார்த்தார். நீளமாக ஹாரன் அடித்தார். வண்டி நிற்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார். அது எனக்குப் போதும். வீட்டுக்குப் போய், "இன்னும் கொஞ்ச நாள்ல நின்னுடும்" என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு என் ஜடையைப் பின்னினாள். பின்னல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

ஊரில் என்னைக் கலெக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "கலெக்டரம்மா, எங்க வூட்டு ஆடு நிக்க மாட்டேங்குது, வந்து ஒரு கைய காட்டுங்க" என்பார்கள். நான் என் வேலையைப் பார்த்தேன். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை. ஜாக்கெட், பிளாட்பாரம், கை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அம்மாவும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் தெருவில் இருந்த இன்னும் பல பொம்பளைகளும் விடிந்ததும் கிளம்பினார்கள். எங்கே என்று கேட்டதற்கு வடலூர் வள்ளலார் சபைக்கு, சாப்பாடு போடுகிறார்கள், சாமி கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்றாள் அம்மா. நானும் வருகிறேன் என்று அழுதேன். உதை விழும் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் வரவில்லை. அப்பா ஷிப்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். சோறு பொங்கி அடிபிடிக்க விட்டார். நான் சாமி கும்பிட இவ்வளவு நேரமா என்று கேட்டேன். "பேசாம துன்னு" என்றார். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் நடந்து வந்தார்கள். அம்மாவின் புடவை முழுக்க அழுக்கு. பெரியம்மாவின் குரல் கட்டிப் போயிருந்தது. சபையில் பாட்டுப் பாடினார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு தூரம் போய் இப்படி வருவார்களா, விவரம் கெட்டவர்கள் என்றும் நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, அம்மாவே வந்து என்னை எழுப்பினாள். ஜாக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். துவைத்திருந்தது.

"இன்னிக்கு நல்லா நீட்டு" என்றாள். "கண்டிப்பா நிக்கும்."

பிளாட்பாரத்துக்குப் போனால் ஊரே அங்கே இருந்தது. அக்கா தலைக்குக் குளித்து, பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அப்பா எனக்குப் பின்னால் நின்றார். பெரியம்மா கையில் ஒரு சாமந்தி மாலை. நான் ஜெயிக்கப் போவது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரே நிமிடம்தான். மாலை எனக்குத்தான் என்பதில் சந்தேகமே வரவில்லை.

வளைவில் இன்ஜின் தெரிந்தது. பிளாட்பாரத்தின் முனையில் நின்று கையை நீட்டினேன். தோள் வலிக்கிற அளவுக்கு நீட்டினேன். ஹாரன் கேட்டது. பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை, ஏனென்றால் எனக்கு விவரம் தெரிந்து எங்கள் ஊரில் எந்த வண்டியும் பிரேக் பிடித்ததில்லை. வேகம் குறைந்தது. இன்ஜின் என்னைத் தாண்டி மெதுவாக, இன்னும் மெதுவாக ஊர்ந்து நின்றது. பெட்டியின் வாசல் அக்காவுக்கு நேராக வந்து நின்றது.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பெரியம்மா மாலையை இன்ஜினுக்குப் போட்டாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். டிரைவர் கீழே குனிந்து என்னைப் பார்த்தார்.

"நீதான் அந்த ஆரஞ்சு சட்டையா?"

"ஆமா" என்றேன். "இவ்ளோ நாளா கண்ணு தெரியலியா?"

அவர் சிரித்தார். அக்கா ஏறினாள். ஏறியவள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். வண்டி வளைவில் மறைகிற வரை அம்மா கண்ணைத் துடைக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் நான்தான் முதலில் பேசினேன். கையை நீட்டினேன், நின்றுவிட்டது என்றேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "அடிப்பாவி, நான் சொன்னது இந்த ஊரு வண்டிக்குடி" என்றாள். எல்லா ஊர் வண்டிக்கும் ஒரே சட்டம்தான் சித்தி என்று அவளுக்கு விளக்கினேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய் வெகுநேரம் பேசினாள்.

அதன்பிறகு தினமும் நான் கை காட்டினேன், தினமும் வண்டி நின்றது. என் புகழ் டவுன்ஷிப் வரை போனது. லீவு நாளில் அம்மாவோடு குவார்ட்டர்ஸுக்குப் போனால், அந்த வீட்டு அம்மா என்னைப் பார்க்க வெளியே வருவார். தென்காசிப் பக்கத்துக்காரர், அவருடைய வீட்டுக்காரர் மைன்ஸில் பெரிய வேலையில் இருந்தார்.

"உங்க ஊர்ல ட்ரெயின் நிக்க ஆரம்பிச்சுட்டாமே? ஏதோ தகராறு நடந்துச்சுன்னு சார் சொன்னாங்க."

"தகராறாங்கம்மா? அது யாரோ வேற ஊரு ஆளுங்களா இருக்கும்" என்றாள் அம்மா, பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல். "எங்க ஊர்ல இதோ இந்தக் கழுததான் கைய நீட்டிச்சி. நின்னுடுச்சி."

அந்த அம்மா என் கன்னத்தைக் கிள்ளி ஒரு முறுக்குக் கொடுத்தார். அப்பாவும் அதே மாதிரிதான். எதற்கும் வாய் திறக்காத மனுஷர், கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஊருக்கு வந்தபோது என்னை முன்னால் இழுத்து நிறுத்தி, "எங்க சின்னப் பொண்ணு கை காட்டுச்சிங்க" என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். என்னைக் கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் இப்போது எனக்குச் சாட்சி சொன்னார்கள். அவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா அந்த வண்டியிலேயே போய் டிகிரி முடித்தாள், பி.எட். முடித்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் தெருவில் இருந்து பெண்கள் கூட்டமாக அந்த வண்டியில் ஏறினார்கள். முந்திரிக்காட்டு வழியில் எந்தப் பெண்ணும் பயந்து ஓடவில்லை. எவளும் குவார்ட்டர்ஸுக்கு அம்மாவின் வேலைக்குப் போகவில்லை. டிக்கெட் விற்பனை இல்லை என்று சொன்ன மனிதர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. மாதக் கடைசியில் சீசன் டிக்கெட்டுக்கு எங்கள் ஹால்டில் வரிசை நிற்கிறது. வந்து பார்க்கட்டும்.

நான் பத்தாவது படிக்கும்போது, ஒருநாள் சாயங்கால வண்டியிலிருந்து அம்மாவும் பெரியம்மாவும் மற்ற பொம்பளைகளும் இறங்கினார்கள். எல்லார் கையிலும் ஸ்வீட் பொட்டலம். பெரியம்மா பிளாட்பாரத்தில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கேஸு போயிடுச்சிடி. எல்லாரையும் உட்டுட்டாங்க. இனிமே எவனுக்கும் பயப்படத் தேவையில்ல."

என்ன கேஸ் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் சபைக்குப் போகவில்லை. வண்டி நிற்கிற பெரிய ஸ்டேஷனுக்குப் போய், இன்ஜினுக்கு முன்னால் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்க ஊர்ல நிக்காத வண்டி எங்கயும் போவக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இழுத்துப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். வண்டி நிற்க உத்தரவும் வந்தது, அவர்கள் பேரில் கேஸும் வந்தது. வீட்டில் கேஸ் இருப்பது வெளியே தெரிந்தால் ஆம்பளைகளின் கேட் பாஸ் போய்விடும் என்ற பயம். பிள்ளைகள் வாயில் விஷயம் நிற்காது. அதனால் ஊர் மொத்தமும் ஒரே கதையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கதை ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு தயாராக நின்றது.

அதுவரை அம்மா சில மாதங்களுக்கு ஒருமுறை காலை பாசஞ்சரில் கடலூர் போவாள். பெட்டியில் இருக்கும் நல்ல புடவையைக் கட்டிக்கொள்வாள். சாமான் வாங்கப் போகிறேன் என்பாள், வெறுங்கையோடு வருவாள். என்னைப் பிளாட்பாரத்தின் முனைக்கு அனுப்பி, "நல்லா நீட்டுடி, அம்மா நேரத்துக்குப் போவணும்" என்பாள். கோர்ட்டில் வாய்தாவுக்கு நேரத்துக்குப் போகவில்லை என்றால் வாரண்ட் வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் கையை நீட்டுவேன், வண்டி நிற்கும். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். ரயிலை நிறுத்தியவள் என் கண்ணெதிரே ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். நான் வேலை முடிந்ததென்று பெருமையாகக் கையை இறக்கினேன்.